கொள்ளு பரப்பிய இறக்கம்

எங்கள் ஊர் தொப்பம்பட்டிக்குப் பக்கம். மாசி மாதம் அந்த வழியாக வண்டி ஓட்டியவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். மானாவாரிக் காட்டில் பிடுங்கிய கொள்ளுக்கொடியைக் கொண்டுவந்து தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் டிராக்டரும் அதன் மேல் ஏறி மிதித்துப் போகும். சாயங்காலம் கொடியை உதறினால் அடியில் கொள்ளு கிடக்கும். களத்து வேலையை ஊரான் வண்டி செய்துகொடுத்துவிடும். ஓட்டுகிறவர்கள் பாடுதான் திண்டாட்டம். உதிர்ந்த கொள்ளு டயருக்கடியில் உருளும். பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்காது, தன் இஷ்டத்துக்கு வழுக்கிக்கொண்டு போகும்.

நான் அந்த ரோட்டில் தினமும் வேன் ஓட்டுகிறவள். கொழுந்தனார் கனடாவுக்குப் போனபோது விட்டுவிட்டுப் போன பழைய வேன். முருங்கைக்காய் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போய் வருவேன். பின்சக்கரம் இரண்டும்தான் வண்டியைத் தள்ளும். இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருப்பதால் பாரம் இல்லாத நாளில் பின்பக்கம் ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளும்.

எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். சொல்லட்டும். எதிர்வீட்டுப் பெரியவரிடம் ஒவ்வொரு மாசியும் சண்டைக்கு நிற்பேன்.

"ஏனுங்க மாமா, ரோட்டை உங்க பேருக்குப் பட்டா போட்டுக் குடுத்துட்டாங்களா?"

"களத்து மேல எல்லாம் வீடு கட்டிப் போட்டீங்க. கொள்ளை எங்க காயப்போடறது? உன்ற வேன்லயா அம்மணி?"

அவருக்கும் வாய் குறைவில்லை. இதில் எனக்கு அவமானம் என்னவென்றால், என் வீட்டுக்காரரும் அதே ரோட்டில்தான் எங்கள் கொள்ளைக் காயப்போடுவார்.

கொழுந்தனாருக்கு அங்கே வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிற வேலை. அவருக்கு வாய்த்ததும் பின்சக்கரம் தள்ளுகிற வேன்தான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் பெண்டாட்டியிடம் பேசி முடித்துவிட்டு என்னிடம் வண்டியைப் பற்றிப் பேசுவார்.

"பனி கொட்டிக் கெடந்தா நம்மூரு கொள்ளு ரோடேதானுங்க அண்ணி. பின்னாடி மணல் மூட்டை போட்டுக்குவேன். ரெண்டாவது கியர்ல மெதுவா எடுப்பேன். பிரேக்னு ஒண்ணு இருக்கறதையே மறந்துரணும். ஸ்டியரிங்கை வெடுக்குனு ஒடிக்கக் கூடாது. முன்னாடி போன வண்டியோட தடத்தை உட்டு எறங்கக் கூடாது." கொஞ்சம் நிறுத்திவிட்டு இன்னொன்றும் சொன்னார். "மனசு சரியில்லாத அன்னைக்கு வண்டியத் தொடவே கூடாதுங்க."

"அப்படிப் பார்த்தா என்ற வேன் வருசம் பூராவும் வாசல்லதான் நிக்கும்" என்று சிரித்தேன்.

அவருடைய மனைவி, என் ஓரகத்தி, எங்களோடுதான் இருந்தாள். முதல் பிள்ளை வயிற்றிலேயே தவறிப்போனது. வலி வந்தும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர நேரமாகிவிட்டது என்று டாக்டர் சொன்ன சொல் அவள் மனதில் முள்ளாகக் கிடந்தது. கொழுந்தனார் லீவுக்கு வந்துபோனதில் இரண்டாவது தரித்ததிலிருந்து, "அக்கா, இந்தத் தடவை நேரத்துக்குக் கொண்டுபோயிருவீங்கல்ல?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருப்பாள். நானும் ஒவ்வொரு முறையும், "உன்னைத் தோள்ல தூக்கிட்டாவது போயிருவேன்" என்பேன்.

அந்த மாசியில், டாக்டர் குறித்த நாளுக்கு முன்னாலேயே, விடிந்தும் விடியாத நேரத்தில் அவளுக்கு வலி வந்துவிட்டது. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அன்றைக்கு அப்படித்தான் இருந்தது. 108-க்குப் போன் செய்தோம். வண்டி வேறு ஒரு கேஸுக்குப் போயிருக்கிறது, வர நேரமாகும் என்றார்கள். நான் சாவியை எடுத்தேன்.

ஊரை விட்டு வெளியேற ஒரே ரோடுதான். ஓடைக்கு இறங்கி, தரைப்பாலத்தைத் தாண்டி, எதிரே மேடு ஏற வேண்டும். காலையில் வரும் முதல் பஸ் மிதிக்கட்டும் என்று அந்த இறக்கத்திலும் மேட்டிலும் முந்தின சாயங்காலமே கொள்ளைப் பரப்பிவிட்டிருந்தார்கள். முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. ராத்திரி பெய்த பனியில் ஊறி, கொடி ஒன்றோடொன்று பின்னிப் பாயாகிவிட்டிருந்தது. முதலில் கிடந்தது எங்கள் கொள்ளு.

என் வீட்டுக்காரர் கொடி அள்ளுகிற கவைக்கோலை எடுத்துக்கொண்டு ஓடினார். ஒரு கவை அள்ளினால் பத்து கவை கூடவே வந்தது. அவர் அழுதுவிட்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்குத் திட்ட வாய் வரவில்லை.

கொழுந்தனார் சொன்னது நினைவுக்கு வந்தது. "பின்னாடி பாரம் வேணும்!" என்று கத்தினேன். சத்தம் கேட்டு வந்த எதிர்வீட்டுப் பெரியவர் உடனே திரும்பி ஓடினார். தன் வாசலில் கட்டி வைத்திருந்த கொள்ளு மூட்டைகளை ஆள் விட்டுத் தூக்கிவந்து வேனின் பின்பக்கம் அடுக்கினார். நடுசீட்டில் ஓரகத்தி படுத்திருந்தாள். அவள் தலையை என் மாமியார் மடியில் வைத்திருந்தார்.

இரண்டாவது கியரில் எடுத்தேன். வலதுகாலை பிரேக்குக்குப் போகவிடவே இல்லை. இறக்கத்தில் பின்பக்கம் ஒருமுறை ஓடைப்பக்கமாக நழுவியது. ஸ்டியரிங்கை ஒடிக்காமல் நழுவின பக்கமே கொஞ்சம் விட்டுப் பிடித்தேன். வண்டி நேரானது. தரைப்பாலம் தாண்டி மேட்டில் பாதி ஏறியதும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தது. பின்னால் ஓரகத்தி, "அக்கா, நேரமாயிருச்சாக்கா?" என்றாள். அந்தக் குரலை நான் சாகும் வரை மறக்க மாட்டேன்.

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். ஓட்டமும் நடையுமாகப் பின்னால் வந்த பெரியவர் கையில் வெறும் சாக்குகள் இருந்தன. அவரும் என் வீட்டுக்காரரும் ஈரக் கொடி மேல் மண்டிபோட்டு ஆளுக்கொரு சக்கரத்துக்கு முன்னால் சாக்கைத் திணித்தார்கள். "மெதுவா உடு அம்மணி, மெதுவா" என்றார் பெரியவர். மெதுவாக விட்டேன். சாக்கைக் கவ்விக்கொண்டு சக்கரம் ஏறியது. மேட்டில் ஏறியதும் நிற்காமல் பழனி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன்.

பெண் பிள்ளை. தாயும் பிள்ளையும் நலம் என்று நர்ஸ் வந்து சொன்னபோது மாமியார் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னதை நான் ஓரகத்தியிடம் சொல்லவில்லை.

கொழுந்தனாரை வீடியோவில் கூப்பிட்டுப் பிள்ளையைக் காட்டினேன். அவர் வேனுக்குள் உட்கார்ந்திருந்தார். அங்கே ராத்திரி. கண்ணாடிக்கு வெளியே தெருவிளக்கு வெளிச்சத்தில் எல்லாம் வெள்ளை. வெகுநேரம் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலி வந்துருச்சுன்னு அண்ணன் சொன்னதும் ரோட்டோரம் நிறுத்துனவனுங்க அண்ணி. இன்னும் எடுக்கலை. கை நடுங்குது."

"அதுதான் நீங்க சொன்ன கடைசி ரூல்" என்றேன்.

"நீங்க எப்படிங்க ஓட்டுனீங்க?"

போன் என் கையிலிருந்து நழுவியது. அதுவரை எங்கேயோ காத்திருந்த நடுக்கம் இரண்டு கைகளிலும் வந்து இறங்கியது. அன்றைக்கு என்னால் வேன் சாவியைத் திருப்பக்கூட முடியவில்லை. வண்டியை ஆஸ்பத்திரி வாசலிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

பஸ் ஓடை மேட்டுக்கு வந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். வண்டி வழுக்கவில்லை. திறந்து பார்த்தால் மேட்டிலும் இறக்கத்திலும் தார் பளிச்சென்று தெரிந்தது. கொள்ளை எல்லாம் வழித்துத் தள்ளி ஓரத்தில் குவித்திருந்தார்கள்.

அடுத்த மாசியும் ரோட்டில்தான் கொள்ளு காய்ந்தது. எங்கள் ஊர் திருந்திவிட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஓடை இறக்கத்தில் ஒரு கொடிகூட இல்லை. ஓரகத்தி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து சீட்டில் இருந்தாள். நான் வேனை நிறுத்தி, கவைக்கோலோடு நின்ற பெரியவரிடம் கேட்டேன்.

"ஏனுங்க மாமா, இங்க மட்டும் காயப்போடலீங்களா?"

அவர் பிள்ளையை ஒருமுறை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இந்த எடத்துல ஈரம் சாஸ்தி அம்மணி. காயாது" என்றார்.

உச்சி வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.