ஜோதிலட்சுமி சாய்த்து வரைந்த கோடு

டென்மார்க்கில் உட்கார்ந்துகொண்டு, ஜோதிலட்சுமி இரண்டு ரிங்கில் போனை எடுக்காவிட்டால் ஏதோ ஆகிவிட்டது என்றே நினைக்கிறவள் நான். "ஒண்ணும் ஆவலடி, சோறு துன்னுகினு இருந்தேன்" என்பாள். போன ஆடியில் ஒருநாள் மட்டும் அப்படிச் சொல்லவில்லை.

நாங்கள் இருவரும் நாவலூரில் ஒரே அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் கிளம்பி வந்துவிட்டேன். அவள் இன்றும் சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து கேளம்பாக்கத்தில் பஸ் மாறிப் போகிறாள். காற்றாலைகள் இருப்பது தெற்கே, ஆரல்வாய்மொழிப் பக்கம். அவற்றிலிருந்து நாளை எவ்வளவு மின்சாரம் வரும் என்று கணிப்பது நாவலூரில், ஏழாவது மாடியில்.

சாதாரண நாட்களை யாரும் கணித்துவிடலாம். மேற்கே மழைமேகம் திரண்டு, வீசிக்கொண்டிருந்த காற்றைத் திடீரென்று அறுத்துவிடும் நாட்கள்தான் கஷ்டம். அந்த வீழ்ச்சியை முன்கூட்டிச் சொல்ல ஜோதி ஒரு எச்சரிக்கை ஏற்பாட்டை உருவாக்கினாள். மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் கட்டுப்பாட்டு அறையின் திரையில், அவள் கணிப்பில் காற்று சட்டென்று விழுந்தால் ஓரமாக ஒரு சிவப்புக் கட்டம் எரியும். அந்தக் காற்றுப் பருவம் முடியும்வரை சோதனை. பயன்பட்டால் நிரந்தரம். அவளுக்கு அதைவிடப் பெரிய ஆசை அப்போது இல்லை.

அங்கே இருந்த பொறியாளர் பக்தவத்சலத்தை அவள் நேரில் பார்த்ததே இல்லை. போனில்தான் பழக்கம். "நேரம் முன்னபின்ன ஆனா பரவால்லம்மா. விழும்னு மட்டும் சொல்லிடு. மீதிய நாங்க பாத்துக்கறோம்" என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

முதல் எச்சரிக்கை. மூன்று மணிக்கு விழும், ஐந்துக்குள் மீளும் என்றாள். விழுந்தது ஐந்து மணிக்கு. பக்தவத்சலம் அதற்குள் வேறு மின்சாரம் ஏற்பாடு செய்து வைத்திருந்தார், ஊருக்குத் தெரியாமலே சமாளித்துவிட்டார். ஆனால் கணிப்புகளுக்கு அலுவலகம் போடும் மதிப்பெண்ணில் அது இரண்டு தப்பு. மூன்றுக்கு விழவில்லை, ஒன்று. மீளும் என்ற ஐந்துக்கு விழுந்தது, இன்னொன்று. வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் ஒரு தப்போடு போயிருக்கும்.

"ஜோதி, உன் காத்துக்கு ஒரு வாட்ச் வாங்கிக் கட்டி வுடு" என்றான் குழுத் தலைவன் பிரவின்குமார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

இரண்டாவது முறை, காலையிலேயே செயற்கைக்கோள் படத்தில் மேகம் தெரிந்தது. கணிப்பு வரைபடத்தில் செங்குத்தாக விழும் கோட்டை வரைந்தாள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அழித்துவிட்டு, மதியத்திலிருந்து மாலைவரை மெல்ல இறங்குவதுபோலச் சாய்த்து வரைந்து அனுப்பினாள். எப்போது விழுந்தாலும் தப்பு பாதிதான் வரும். ஆனால் சாய்ந்த கோட்டுக்குச் சிவப்புக் கட்டம் எரியாது.

நான்கு மணிக்குக் காற்று அப்படியே நின்றது. மாற்று ஏற்பாடு செய்ய நேரமில்லாமல் பல ஊர்களில் மின்சாரத்தை நிறுத்தினார்கள். நாவலூர் அலுவலகத்தில் ஜெனரேட்டர் இருந்ததால் ஏ.சி. ஒரு நொடிகூட நிற்கவில்லை. அம்மா வசந்தா போன் செய்தபோதுதான் அவளுக்கு உறைத்தது.

"இன்னாடி, கிரைண்டர்ல மாவு பாதில நிக்கிது. கரண்ட்டுக்கு ஜோசியம் பாக்குறவ நீ, எப்ப வரும்னு சொல்லு!"

மறுநாள் மதிப்பெண் வந்தது. பச்சை. பிரவின்குமார் எல்லோருக்கும் பஃப்ஸ் வாங்கித் தந்தான். "இப்டித்தான் இருக்கணும் ஜோதி!" அவள் தன்னுடையதை மேஜையில் வைத்துவிட்டு எழுந்தாள். மாடிப்படிக்குப் போய், தானே பக்தவத்சலத்தைக் கூப்பிட்டாள்.

"சார், நேத்து விழும்னு எனக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியுமா?"

"காலைலயே பாத்துட்டேன் சார். போன தடவ மாதிரி நேரம் தப்பிடுமோன்னு மாத்திட்டேன்."

பின்னால் யாரோ அவரைக் கூப்பிடுவது கேட்டது.

"சொல்லிருக்கலாமேம்மா" என்றார். கோபமாகக்கூட இல்லை. "சரி, வைக்கறேன்."

அன்றிரவுதான் என்னிடம் சொன்னாள். "திட்டிருந்தா பரவால்லடி" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

பருவம் முடிந்ததும் அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டார்கள். வேண்டிய நாளில் எரியாத விளக்கை யார் வைத்துக்கொள்வார்கள்? பக்தவத்சலம் அதற்குப் பிறகு அழைக்கவில்லை. அவளும் அழைக்கவில்லை.

போன வாரம் பேசும்போது கேட்டேன், "காத்து எப்டிடி இருக்கு?"

"ஸ்கோரு நல்லா கீது" என்றாள்.