பதிமூன்று மெடலும் நாராயணம்மாவின் எருதும்

திம்மப்பன் பெண் பார்க்கப் போன கதையை ஓசூர் சிப்காட்டில் எந்த டீக்கடையில் கேட்டாலும் சொல்வார்கள். தட்டில் வைத்த முறுக்கைக் கடிக்காமல், சட்டைப் பையிலிருந்து வெர்னியரை எடுத்து அளந்து பார்த்திருக்கிறான் மனுஷன். "ஒண்ணுக்கொண்ணு மூணு மில்லி வித்தியாசம் இருக்குதே" என்றானாம். உள்ளேயிருந்து பெண்ணின் குரல் மட்டும் வந்தது: "பெருசு எங்கப்பாவுக்கு. சின்னது உங்களுக்கு." அந்த முனிலட்சுமியைத்தான் கட்டிக்கொண்டான். பதினாலு வருஷமாக அவள் செய்கிற எதையும் அவன் அளந்ததில்லை, அந்த அளவுக்கு விவரம் உண்டு.

ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் அவன் இன்ஸ்பெக்டர். பம்ப் பாகங்கள் அவன் மேஜைக்கு வரும். அளப்பான், தட்டுவான், முகர்ந்துகூடப் பார்ப்பான், கடைசியில் சிவப்பு பெயிண்டில் ஒரு கோடு இழுப்பான். கோடு விழுந்தால் அந்தப் பீஸ் திரும்பவும் உலைக்குத்தான். மோல்டிங் செக்‌ஷன் செல்வம் அவனைப் பார்த்தாலே, "வந்துட்டாருய்யா எமதர்மன்" என்பான். திம்மப்பனுக்கு அதில் உள்ளுக்குள் பெருமை. தப்பான பீஸ் ஒன்றைக்கூட வாழ்க்கையில் பாஸ் பண்ணியதில்லை என்று முனிலட்சுமியிடம் வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுவான். "சரி, சாப்பிடுங்க" என்பாள் அவள்.

எண்பத்தெட்டு குடியரசு தினத்துக்குக் கம்பெனியில் ஒரு நாடகம் போட்டார்கள். எழுதியது, இயக்கியது, கேப்டனாக நடித்தது மூன்றும் யூனியன் செயலாளர் அண்ணாதுரை. கேப்டனுக்கு அடியில் பன்னிரண்டு சிப்பாய்கள். நெஞ்சில் மெடல் இல்லாத சிப்பாயை ஜனங்கள் வாட்ச்மேன் என்று நினைத்துவிடுவார்கள் என்று அண்ணாதுரைக்குப் பயம். அப்போதுதான் செல்வத்துக்கு நாராயணம்மாவின் ஞாபகம் வந்தது.

நாராயணம்மா திம்மப்பனின் பெரியம்மா. சானமாவுக் காட்டுப் பக்கத்துக் கிராமத்தில் ஒற்றை ஆளாக எருது வளர்க்கிறவள். அவள் புருஷன் ராமப்பன் வெள்ளைக்காரன் பட்டாளத்தில் பர்மா சண்டைக்குப் போனவர், செத்து இருபது வருஷம். அவருடைய மெடல் ஒன்று அவளிடம் இருந்தது. ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் ரெண்டு தலைப் பாம்பை மிதித்துக்கொண்டு நிற்கிற சிங்கம். எருது விடும் விழா அன்றைக்கு அதை எருதின் கொம்பில் கட்டுகிற அலங்காரத் தட்டியில் தைத்து விடுவாள். பட்டாளத்தான் வீட்டு எருதுதான் முதலில் ஓட வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். இரண்டாவது ஓடுகிற எருது கோவிந்தப்பனுடையது. இரண்டாவதாக ஓடி ஓடி அந்த மனுஷனுக்கு வயிறு எரிந்து கிடந்தது. "ராமப்பன் பர்மாவுக்கும் போகல, குருமாவுக்கும் போகல. கோலார் தங்கச் சுரங்கத்துல ஒளிஞ்சிருந்தான், கூட ஒருத்தியும் இருந்தா" என்று நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

இந்த வருஷம் கோவிந்தப்பன் ஒரு படி மேலே போனான். கம்பெனி செக்யூரிட்டி ஆபீசர் பெரியதம்பியை விழாவுக்கு வரச் சொல்லிவிட்டான். பெரியதம்பி ராமநாதபுரத்துக்காரர், பட்டாளத்தில் சுபேதாராக இருந்தவர், மீசையே ஒரு ராங்க். மெடலை அவர் கையில் வாங்கிப் பார்த்து அசல் என்று சொன்னால்தான் நாராயணம்மாவின் எருது முதலில் ஓடலாம் என்று பஞ்சாயத்தில் பேசி முடித்துவிட்டார்கள்.

அப்படிப்பட்ட நேரத்தில், ஒரு ஆளையும் தொட விடாத அந்த மெடலை, செல்வம் போய்க் கேட்டதும் தூக்கிக் கொடுத்துவிட்டாள் கிழவி. திம்மப்பனால் நம்பவே முடியவில்லை.

செல்வம் சும்மா இருப்பானா? மெடலை மணலில் பதித்து அச்செடுத்தான். உலோகத்துக்கு எங்கே போவது? கேன்டீன் ஜெர்மன் சில்வர் ஸ்பூன்களை அள்ளிக்கொண்டு போய் உருக்கி ஊற்றிவிட்டான். ஒரு வாரம் கம்பெனி முழுக்க பாயசத்தைக் கையால் வழித்துக் குடித்தது. ஊற்றி முடித்ததும் பஃபிங் மெஷினில் கொடுத்தான். பஃபிங்காரன் கங்கப்பனுக்குப் பளபளப்பு ஒன்றுதான் தெய்வம். நகல்களோடு சேர்த்து அசலையும் ராஜா மூக்கு மழுங்கும்வரை தேய்த்து, எல்லாவற்றையும் ஒரே பக்கெட்டில் போட்டுவிட்டான்.

நாடகம் அமர்க்களம். மறுநாள் காலை அந்தப் பக்கெட் திம்மப்பனின் மேஜைக்கு வந்தது.

"பன்னெண்டு நகல், ஒரு அசல், மொத்தம் பதிமூணு. எண்ணிப் பாத்துட்டேன், சரியா இருக்குது. அசல் எதுன்னு மட்டும் நீ சொல்லிடு" என்றான் செல்வம், ஏதோ தக்காளி பொறுக்கச் சொல்கிற மாதிரி.

திம்மப்பன் சிரித்தான். இது ஒரு வேலையா? உருக்கி ஊற்றிய உலோகம் ஆறும்போது சுருங்கும். அசலை வைத்து அச்செடுத்தால் நகல் அரை மில்லியாவது சின்னதாக வரும். பெரியதுதான் அசல். வெர்னியரை எடுத்தான். பதிமூன்றும் பதிமூன்று அளவு.

"மணல்லேர்ந்து அச்சை எடுக்கறப்ப லேசா அசைச்சுத் தட்டுவேன்ல? குழி பெருசாயிடும்" என்றான் செல்வம், தலையைச் சொறிந்துகொண்டு. "நல்லா வரட்டும்னு கொஞ்சம் நல்லாவே தட்டிட்டேன்."

எடை போட்டுப் பார்த்தான். ஒன்றும் தேறவில்லை. வார்ப்புப் புள்ளிகள் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்த்தான். கங்கப்பனின் பஃபிங் ஒரு புள்ளியையும் விட்டு வைக்கவில்லை. அதற்குள் ஷிஃப்ட் ஆட்கள் கூடிவிட்டார்கள். ஒருவன் காதில் வைத்துச் சுண்டினான், ஒருவன் கடித்தான், இன்னொருவன் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் பண்ணச் சொன்னான். யாரைச் சத்தியம் பண்ணச் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை.

பெரியதம்பிதான் வழி சொன்னார். "ராஜா மூஞ்சிய ஏன் பாக்குறீக? விளிம்பத் திருப்பிப் பாருங்க. அந்தச் சண்டைக்குப் போன நம்ம ஆளுக மெடல்ல நம்பரு, பேரு, பட்டாளம் எல்லாம் விளிம்புல அடிச்சிருக்கும். அது இல்லேன்னா மெடல் இல்ல தம்பி, சோடா மூடி. விழாவுல நான் அதத்தான் பாக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கேட் பக்கம் போய்விட்டார்.

பதிமூன்று விளிம்பும் வழவழ என்று இருந்தது. கங்கப்பனை அடிக்க இரண்டு பேர் ஓடினார்கள். திம்மப்பனுக்கு மட்டும் ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. ஜூஜுவாடி செக்போஸ்டில் பிடிபட்ட திருட்டு லாரியின் எஞ்சின் நம்பரை போலீஸ்காரர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று அவன் கேள்விப்பட்டிருந்தான். அரத்தால் ராவி அழித்தாலும், எழுத்து குத்திய இடத்தில் உலோகம் உள்வரைக்கும் நசுங்கியிருக்கும். ஆசிட் தடவினால் அந்த இடம் மட்டும் வேறு மாதிரி அரித்து, எழுத்து தலைகாட்டும். லேபிலிருந்து ஆசிட் வாங்கி வந்து ஒவ்வொரு விளிம்பாகத் தடவினான். பதிமூன்றாவதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒன்றிலும் ஒரு எழுத்துகூட வரவில்லை.

"செல்வம், உண்மையைச் சொல்லு. எத்தனை ஊத்தினே?"

செல்வம் காலால் தரையைக் கீறினான். "பதிமூணு."

"பன்னெண்டுன்னு சொன்னியேடா!"

"ஒண்ணு எக்ஸ்ட்ரா ஊத்துவேன், எப்பவும். நீதான் எப்படியும் ஒண்ணை ரிஜெக்ட் பண்ணுவியே!"

அப்படியானால் மொத்தம் பதினாலு. ஒன்று எங்கே? கூட்டத்தின் பின்னாலிருந்து அண்ணாதுரை நெற்றியில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. நாடகம் முடிந்ததும் உணர்ச்சி தாங்காமல் தன் மெடலைக் கழற்றித் தலைமை விருந்தினரின் சட்டையில் குத்திவிட்டார் அவர். அந்தப் பெரிய மனுஷர் மெடலோடு கார் ஏறி மெட்ராஸ் போய், அங்கிருந்து விமானம் ஏறி எந்த நாட்டுக்கோ போய்விட்டார்.

விழாவுக்கு மூன்று நாள் இருந்தது. திம்மப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. மெடல் இல்லை என்றால் நாராயணம்மா பட்டாளத்தான் பெண்டாட்டி இல்லை; கோலாரில் எவளோடோ ஒளிந்திருந்தவனின் பெண்டாட்டி. நாற்பது வருஷப் பேச்சு அன்றைக்கே நிஜமாகிவிடும். அவனுக்கு அழுகையாக வந்தது. முனிலட்சுமி பார்த்தாள். "உங்ககிட்ட இரும்புல எழுத்தும் நம்பரும் குத்தற பெட்டி இல்லையா?" என்று கேட்டுவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போனாள்.

பாவி, எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்! ஒரு தப்பான பீஸைக்கூடப் பாஸ் பண்ணாத மனுஷன், டூல்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, பதிமூன்றில் நல்லதாக ஒன்றை எடுத்து, விளிம்பில் இங்கிலீஷில் பெரியப்பன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினான். நம்பரும் பட்டாளமும் அவனுக்குத் தெரியாது. ஒவ்வொரு அடிக்கும் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டான். எழுத்துப் பெட்டியைத் திரும்ப வைக்கப் பயந்து, மொபெட் பையிலேயே போட்டுக்கொண்டான்.

மறுநாள் காலை கிளம்பினான். சானமாவில் ரோட்டோரம் யானை நின்றதால் பஸ், லாரியோடு ஒரு மணி நேரம் அவனும் நின்றான். ஊர் போய்ச் சேர்ந்தபோது நாராயணம்மா எருதுக்குக் கொம்பு சீவிக்கொண்டிருந்தாள். மெடலை நீட்டினான்.

வாங்கித் திருப்பிப் பார்த்தாள். கட்டை விரலால் விளிம்பைத் தடவினாள். விரல் நின்றது.

"என்னடா இது, சொரசொரன்னு?"

"பேரு பெரிம்மா. பெரியப்பா பேரு."

"அதுல பேரே கிடையாதேடா" என்றாள்.

திம்மப்பன் குனிந்து விளிம்பைப் பார்த்தான். அவள் தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அது மெடலே இல்ல. பெங்களூருல நாடகக்காரங்களுக்கு டிரஸ் வாடகைக்கு விடற கடையில நான்தான் வாங்கினேன்."

திம்மப்பன் அப்படியே தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்துவிட்டான். கேட்கவே பயமாக இருந்தது. "அப்ப... பெரியப்பா பட்டாளத்துக்கு..."

"போனாருடா! பர்மா வரைக்கும் போனாரு. எலும்பும் தோலுமா, மலேரியாவோட வந்தாரு. மெடல் தபால்ல வரும்னு சொல்லி அனுப்பினாங்களாம். ரெண்டு வருசம் தபால்காரன் பின்னாடியே நடந்தேன். வரல. இருந்த காயிதத்தையும் கரையான் தின்னுடுச்சு. இந்த ஊருக்காரனுங்க கோலார், கோலார்னு சிரிச்சானுங்க. அவரு தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போறதைப் பாக்க முடியல. வாங்கிட்டு வந்து, தபால்ல வந்துச்சுன்னு சொல்லிட்டேன்."

"அப்புறம் ஏன் செல்வத்துக்குக் குடுத்தே?"

"தொலைச்சிடுவீங்கன்னுதான்!" கிழவிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்க கம்பெனிக்குப் போன சாமான் எது உருப்படியா திரும்பி வந்துச்சு? அண்டா வாங்கிட்டுப் போனவன் மூடியைக் கொண்டாந்து குடுத்தான். மெடல் தொலைஞ்சிட்டா அந்த மீசைக்காரன் எதைப் பாப்பான்? கம்பெனி மேல பழியைப் போட்டுட்டு இருந்திருப்பேன். நீ ஒருத்தன், தேடி எடுத்து, பேரு வேற வெட்டிக்கிட்டு வந்து நிக்கறே!"

"தப்புதான் பெரிம்மா. பொய்யான பீஸ்ல குத்திட்டேன். குடு, உலையில போட்டுடறேன்."

அவள் கையை இறுக மூடிக்கொண்டாள். "பேரு பொய்யா?"

"இல்ல."

"அப்புறம் என்ன?" மறுபடி விளிம்பைத் தடவினாள். முகத்தில் இருந்த கோபம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. "நம்பர் எங்கடா?"

"நம்பர் யாருக்குத் தெரியும் பெரிம்மா?"

"பட்டாளத்து நம்பர் எனக்குத் தெரியும். அது இல்லாம அவருக்குக் கடுதாசி போகுமா? ராயக்கோட்டையில கடுதாசி எழுதறவன்கிட்ட மாசா மாசம் போய் நின்னு சொல்லுவேன். ஒண்ணு தப்பினாலும் அவன் எழுதின கடுதாசியைக் கிழிச்சுப் போட்டுடுவான்." நிமிர்ந்து நின்று, கைகளைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சொன்னாள்: "ஒன், சிக்ஸ், ஜீரோ, ஃபோர், டூ, ஃபைவ்."

அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் மொத்தமும் அவ்வளவுதான். எது பெரியது, எது சின்னது என்றுகூடத் தெரியாது. திம்மப்பன் இன்னொரு தரம் கேட்டான். அதேதான் வந்தது. பேச்சை மாற்றி, எருதைப் பற்றி, மழையைப் பற்றி விசாரித்துவிட்டுத் திடீரென்று மூன்றாவது தரம் கேட்டான். அவள் மூச்சுகூட மாறாமல் சொன்னாள். நாற்பத்தைந்து வருஷமாக இது எந்தக் கரையானுக்கும் எட்டாமல் இருந்திருக்கிறது என்று நினைத்தபோது அவனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

மொபெட் பையிலிருந்து பெட்டியையும் சுத்தியலையும் எடுத்து வந்தான். மெடலைக் கல்லின் மேல் நிறுத்திப் பிடித்துக்கொண்டான். அவள் பக்கத்தில் குந்தி, ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவன் ஒவ்வொன்றாகக் குத்தினான். முதல் ஐந்து எண்ணும் முடிந்ததும் அவன் கை நின்றுவிட்டது. கண்ணில் நீர் முட்டி, விளிம்பு தெரியவில்லை.

"என்னடா நிக்கறே?" என்றாள் நாராயணம்மா. "இன்னும் ஒண்ணு இருக்குது. ஃபைவ்."