பானையில் ஒரு பிடி, பெட்டியில் இரண்டு செல்

சென்ற வாரம் என் மகன் வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்து போட்டு உட்கார்ந்திருந்தான். வேகம் போதவில்லை என்று புதிதாக ஒரு மெமரி வாங்கி, பழையதைக் கழற்றாமல் அதற்குப் பக்கத்திலேயே செருகியிருக்கிறான். அது ஒரு கம்பெனி, இது வேறு கம்பெனி. பெட்டி எழுந்திருக்கவே மாட்டேன் என்று அடம் பிடித்தது. "பழசு பாட்டுக்கு இருக்கட்டும்னு உட்டேம்மா" என்றான். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. இந்தப் புத்தி அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

அவன் பிறப்பதற்கு முன்னால், எழுபதுகளின் நடுவில், நாங்கள் மலையாள எல்லையில் இருக்கிற முதலமடையில் ஒரு மாந்தோப்புக்குள் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் அந்தத் தோப்புக்குக் காவல், மருந்தடிப்பு, தண்ணீர் பாய்ச்சல் எல்லாம் பார்த்தார். கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. ஐந்து தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து வருகிறேன், ஐந்தாவது வருஷம் சர்க்கரைக் காவடி எடுக்கிறேன் என்று முருகனிடம் வேண்டியிருந்தேன். நான்கு பூசம் நடந்தாகிவிட்டது. ஐந்தாவதற்கு மார்கழியிலிருந்தே விரதம் இருந்தேன். நாட்டுச் சர்க்கரை வாங்கிக் கலயத்தில் கட்டியும் வைத்துவிட்டேன். பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது வாய்க்கால் மேட்டில் புல்லுக்கட்டோடு வழுக்கி விழுந்து கணுக்காலுக்கு மேலே எலும்பு விரிசல் விட்டுவிட்டது.

கட்டுப் போட்ட வைத்தியர் மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டி, நாற்பத்தோரு நாள் கால் தரையில் படக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அழுத அழுகை தோப்புக்கே கேட்டிருக்கும். வலிக்கு அழவில்லை. ஐந்தாவது வருஷம் அறுந்துபோகிறதே என்று அழுதேன்.

ஊர் முருகன் கோயில் பூசாரியிடம் என் வீட்டுக்காரர் போய்க் கேட்டு வந்தார். உடன்பிறந்தவன் கையில் காவடியைக் கொடுத்தனுப்பலாம். நான் பூசத்தன்று பச்சைத் தண்ணீரோடு இருந்து, பழனியில் தேர் வடம் பிடிக்கும் அதே நேரத்தில் வீட்டில் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டால் நடந்ததாகவே கணக்கு என்று பூசாரி சொன்னாராம். எனக்கு உயிர் வந்தது. ஆனால் அங்கே வடம் பிடிக்கும் நேரம் கட்டிலில் கிடக்கிற எனக்கு எப்படித் தெரியும்? தேரோட்டத்தை ரேடியோவில் நேரடியாகச் சொல்வார்கள். ஆகவே எல்லாம் எங்கள் வீட்டு ரேடியோவின் தலையில் வந்து விழுந்தது.

நாலு செல் போடுகிற சின்ன டிரான்சிஸ்டர் அது. தோப்பில் கரண்டு கிடையாது. மலையாள நிலையம் கணீரென்று கேட்கும். தமிழ் நிலையத்தைக் கிணற்றுக்குள் இருந்து பேசுகிற மாதிரிதான் அது எடுக்கும். செல் தீர்ந்துபோய்விட்டது, புதுசு போட்டால் நன்றாகக் கேட்கும் என்று சொல்லி, மருந்து பம்புக்கு வாஷர் வாங்கக் கோபாலபுரம் போன என் வீட்டுக்காரர் நாலு புது செல் வாங்கிவந்தார். எங்கள் கடைவீதியில் கிடைக்கிற கம்பெனி இல்லை, வேறு கம்பெனி. நாலையும் எடுத்துத் தட்டில் வைத்து ஒவ்வொன்றின் தலையிலும் குங்குமம் இட்டேன். வீட்டுக்குள் வருகிற எந்தப் புதுப் பொருளுக்கும் அப்படித்தான் செய்வேன்.

அவர் பழைய நாலையும் உருவிப்போடப் போனார். அங்கேதான் நான் வாயைத் திறந்தேன்.

எங்கள் வீட்டில் அரிசிப் பானையைத் துடைத்துக் காலி செய்ய மாட்டோம். அடியில் ஒரு பிடி பழைய அரிசி கிடக்க, அதன் மேல்தான் புது அரிசியைக் கொட்டுவோம். உப்புச் சாடிக்கும் அதே முறை. தயிருக்கு உறை ஊற்றுவதும் முந்தின நாள் தயிரில்தான். முழுசாகக் காலியாக்கிவிட்டுப் புதிதாக நிரப்புவது எனக்குக் கைவராது. அதுவும் பூசத்துக்காக நிரப்பும்போதா?

"ரெண்டு பழசு உள்ளயே இருக்கட்டுங்க. ரெண்டு புதுசு போட்டாப் போதும்" என்றேன்.

"செல்லு என்ன அரிசியா புள்ள?" என்றார் அவர். ஆனாலும் நான் சொன்னபடியே போட்டார். அந்த ஒரு விஷயத்தில் அவர் என் பேச்சைக் கேட்காமல் இருந்திருக்கலாம். எத்தனையோ நாள் கேட்காமல் இருந்தவர்தானே.

இரண்டு நாள் தேன் மாதிரி பாடியது. மூன்றாம் நாள் கரகரத்தது. ஐந்தாம் நாள் பழைய கிணற்றுக்கே போய்விட்டது. புதுசு இரண்டையும் எடுத்துவிட்டு மீதி இரண்டு புதுசைப் போட்டுப் பார்த்தார். பழசு இரண்டு அப்போதும் உள்ளேதான். அதுவும் அப்படியே ஆயிற்று. பிறகு எல்லாவற்றையும் வெயிலில் காய வைத்தால் தெளியும் என்று தோட்டத்து மதில்மேல் வரிசையாக நிற்க வைத்தார். காய்ந்ததில் மேல் காகிதம் உரிந்து, எந்தக் கம்பெனி எது என்கிற அடையாளம் போய்விட்டது. போனால் போகட்டும், புதுசுக்கு என் குங்குமப்பொட்டு இருக்கிறதே என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

பட்டிப்பொங்கல் வந்தது. மாட்டுக்கும் கலப்பைக்கும் மருந்து பம்புக்கும் அவர் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தார். மதில்மேல் எட்டு செல் நின்றது. எட்டுக்கும் பொட்டு வைத்துவிட்டார்.

கட்டிலில் கிடந்தபடி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எனக்குக் காலில் அடிபட்டிருக்காவிட்டால் அன்றைக்கு அவருக்கு அடிபட்டிருக்கும். கேட்டால், நல்ல நாளில் வரிசையாக நிற்கிறதற்கு வைக்காமல் விட்டால் குறையாகாதா என்கிறார்.

பொங்கலுக்கு வந்திருந்த என் தம்பிதான் காவடி கொண்டுபோக இருந்தவன். அவன் ஒருநாள் முழுக்க இந்த எட்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தான். இரண்டு மாற்றினால் ஒரு வார்த்தை கேட்கும்; அதில் ஒன்றை எடுத்து இன்னொன்றைப் போட்டால் அதுவும் போகும். செல்லைத் தாங்கும் கம்பிச் சுருளில் வெள்ளையாகப் பூத்திருந்ததைக் கத்தியால் சுரண்டினான். கடைசியில் தன் டார்ச்சில் இருந்த இரண்டு செல்லையும் கழற்றி இவற்றோடு சேர்த்தான். அது மூன்றாவது கம்பெனி. கொஞ்ச நேரம் பேசியது.

"அக்கா, உங்கூட்டுச் செல்லுக எல்லாம் பங்காளிக மாதிரிக்கா. ஒண்ணு வாயத் தெறந்தா இன்னொண்ணு மூடிக்குது" என்றான்.

"வாய வெச்சுட்டு இரு. சாமி காரியம்" என்று அதட்டினேன். அவன் தன் இரண்டை எடுத்து டார்ச்சில் போட்டுக்கொண்டு, கலயத்தையும் எடுத்துக்கொண்டு, மறுநாள் விடியற்காலையில் நடைக்கூட்டத்தோடு கிளம்பிவிட்டான். அவன் தோளில் காவடி ஏறியதைப் பார்க்க எனக்குக் கண் நிறைந்துவிட்டது. திரும்பினால் மதில்மேல் அதே எட்டு செல்.

வேறு செல் வாங்கிவாருங்கள் என்று பூசத்துக்குள் நாலு தடவை சொல்லியிருப்பேன். "எட்டு செல்லு கெடக்குது ஊட்டுல, இன்னும் எதுக்கு?" என்பதே அவர் பதில். எட்டில் ஏதோ நாலு நல்லது, அதைக் கண்டுபிடித்தால் போதும் என்பது அவர் எண்ணம். எனக்கும் உள்ளூர அதே எண்ணம்தான். இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

பூசத்தன்று காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்தான். கட்டிலிலேயே உட்காரவைத்துத் தலைக்குத் தண்ணீர் வார்த்துவிட்டு, பக்கத்தில் பித்தளைத் தட்டு, கற்பூரம், தேங்காய் எல்லாம் எடுத்து வைத்தார். சாயங்காலம் நேரடி ஒலிபரப்பு ஆரம்பித்தது. மேளச் சத்தம் கேட்டது, அரோகரா கேட்டது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ரத வீதியில் நான் நிற்பது போலவே இருந்தது. வடத்தைத் தொட மக்கள் நெருக்குகிறார்கள் என்று அந்தக் குரல் சொன்னது. அடுத்த வார்த்தை இழுத்தது. இழுத்து, குழைந்து, செத்துப்போனது.

அவர் பெட்டியைத் தட்டினார். குலுக்கினார். செல்லை வாயில் வைத்துக் கடித்துப் போட்டார். இரண்டை மாற்றினார், உஸ்ஸென்றது. இன்னும் இரண்டை மாற்றினார், அந்த உஸ்ஸும் நின்றது. அவர் மாற்றிக்கொண்டே இருக்க, ஜன்னலுக்கு வெளியே வெயில் மாமரத்து உச்சிக்கு ஏறிவிட்டது.

"இந்நேரம் தேரு பாதி வீதி தாண்டியிருக்கும். பத்த வெய்யி" என்றார்.

"நீங்க பாத்தீங்களா?"

"பாக்காட்டி என்ன? தேரு ஓடாமயா இருக்கும்?"

"ஓடுச்சுன்னு தெரியாம பத்த வெச்சா அது பொய்க் கற்பூரமுங்க."

அவர் தீப்பெட்டியைக் கீழே வைத்தார். அப்போதுதான் கவனித்தேன், காலையிலிருந்து அவரும் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. இரண்டு பேரும் அந்தச் செத்த பெட்டியை வெறித்துக்கொண்டு இருந்தோம். எனக்குக் கோபம் எல்லார் மேலும் வந்தது. செல்மேல், அவர்மேல், வாய்க்கால்மேல், நினைக்கக்கூடாது, முருகன்மேலும் வந்தது. பிறகு, ரெண்டு பழசு உள்ளயே இருக்கட்டும் என்று சொன்ன வாய் யாருடையது என்று ஞாபகம் வந்தது.

"எல்லாத்தையும் வெளிய எடுத்துருங்க" என்றேன். "ஒண்ணு கூட உள்ள இருக்க வேண்டாம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு பெட்டியைக் கவிழ்த்து நாலையும் கொட்டினார், துணியால் உள்ளே துடைத்தார், சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போனார். அங்கே மளிகைக் கடை ராவுத்தர் எல்லாக் கதையையும் கேட்டுவிட்டு, நாலு செல்லை ஒரே அட்டையிலிருந்து பிரித்துக் கொடுத்திருக்கிறார். வீடு திரும்பியதும் ராவுத்தர் சொன்னதை அப்படியே சொன்னார். "நாலையும் ஒண்ணாப் போடுங்க, ஒண்ணாக் கழட்டுங்க. பழசு புதுசோட உசுரக் குடிச்சுரும். இதுல பழசு ஒண்ணு சேத்திப்போட்டு எங்கிட்டச் சண்டைக்கு வரப்படாதுங்க."

போட்டதும் பெட்டி அலறியது. தேரோட்டம் முடிந்துவிட்டிருந்தது. வாழைத்தார் விலை சொன்னார்கள், வெங்காயம் விலை சொன்னார்கள், யாரோ ஒரு மந்திரி எங்கோ பேசியதைச் சொன்னார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். கடைசியில் ஒரே ஒரு வரி: பழனியில் இன்று மாலை தைப்பூசத் தேரோட்டம் சிறப்பாக நடந்தது, பக்தர்கள் திரளாக வடம் பிடித்தனர்.

அவர் தட்டை ஏந்தினார், நான் கற்பூரத்தைக் கொளுத்தினேன். முருகா, நேரம் தவறிவிட்டது, பொய் சொல்லிக் கொளுத்தவில்லை, தேர் ஓடியது தெரிந்த பிறகே கொளுத்துகிறேன், நீ கணக்கில் வைத்துக்கொள் என்று வாய்விட்டே சொன்னேன். தேங்காயை அவர் உடைத்தார். இரண்டு பேரும் சோற்றில் மோர் ஊற்றிக் குடித்தோம். மூன்று நாள் கழித்துப் பஞ்சாமிர்தத்தோடு திரும்பிய தம்பியிடம், வடம் பிடிக்கும்போது மணி என்ன இருக்கும் என்று கேட்டேன். "அந்தக் கூட்டத்துல மணி பாக்கவாக்கா போனேன்?" என்றான்.

அடுத்த தை பிறக்குமுன் என் மகன் பிறந்தான். முருகன் கணக்கில் வைத்துக்கொண்டான் என்றே நான் நம்புகிறேன்.

ஆனால் பூசத்துக்கு மறுநாள் காலை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். விழித்ததும் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அந்தப் பழைய செல்களை வரப்பில் எறிந்துவிடும்படி அவரிடம் சொல்லியிருந்தேன். இளவெயிலில் மதில்மேல் அவை இரண்டிரண்டாக நின்றுகொண்டிருந்தன. எண்ணிப் பார்த்தேன். எட்டும் இருந்தன.