நடுத்தெருவில் விழுந்த புள்ளி

எங்கள் லிஃப்ட் கம்பெனியில் அக்காவுக்குக் 'கன்ட்ரோல் ரூம்' என்று பெயர். வைத்தவன் மெக்கானிக்கான நான்தான். இருபத்திரண்டு வருடமாக அதே ஜன்னலோர மேசை, கை ஒடிந்த அதே நாற்காலி, எதிரே ஒரு கம்ப்யூட்டர். எங்காவது லிஃப்ட் நின்றால் ஆபீஸ் நம்பருக்கு வாட்ஸ்அப்பில் லொகேஷன் லிங்க் வரும். அந்த நம்பருள்ள போன் முதலாளியின் சட்டைப்பையில் கிடக்கும். அதில் வரும் செய்தியெல்லாம் அக்காவின் கம்ப்யூட்டரிலும் வரும். அவர் லிங்கைத் தட்டுவார். பிரவுசர் திறந்து, கொஞ்சம் மூச்சு வாங்கி, மேப்பில் ஒரு சிவப்புப் புள்ளியைப் போடும்.

அந்தப் புள்ளியை அக்கா ஒருநாளும் நம்பியதில்லை. அனுப்பிய ஆளுக்கே போன் போட்டு, "வாசல்ல நின்னா எதிர்ல என்ன தெரியுது?" என்று கேட்பார். பதில் ஒரு நீள நோட்டில் ஏறும். லிஃப்ட் நம்பர், கேட்டின் நிறம், எதிர்க்கடை, நாய் இருந்தால் அதன் குணம். 'நாய் குரைக்கும், வாட்ச்மேன்தான் கடிப்பார்' என்று ஒரு பக்கத்தில் எழுதியிருந்தார். போய்ப் பார்த்தேன், உண்மைதான்.

வீட்டிலும் இதே விசாரணைதான். அக்காவின் பெண்கள் இருவரும் தோழி வீட்டுக்குப் போவதென்றால் கேட்டின் நிறம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். பெரியவள் ஒருமுறை பொய் சொல்லிவிட்டு சினிமாவுக்குப் போய், தியேட்டர் கேட்டின் நிறத்தைச் சொல்லி மாட்டிக்கொண்டாள்.

ஒரு திங்கட்கிழமை காலை முதலாளி வந்து மேசையருகே நின்றார். "ஒண்ணாந்தேதியிலேர்ந்து மெக்கானிக்குங்களே லிங்கை போன்ல தொறந்து பாத்து போய்க்குவாங்கம்மா. இந்த சீட்டு இனிமே வேணாம்னு இருக்கேன்" என்றார். ஏதோ ஜன்னல் திரையை மாற்றப் போவதுபோலச் சொல்லிவிட்டு, ஒரு புது வாடிக்கையாளரைப் பிடிக்கக் கிளம்பிப் போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா நோட்டை மூடினார், மறுபடி திறந்தார்.

"அம்பத்திமூணு வயசுல எனக்கு யாருடா நாற்காலி போடுவாங்க?"

ஏற்கெனவே துடைத்த ஸ்பானரை இன்னொரு முறை துடைத்தேன்.

பதினொன்றரைக்கு மேசை லேண்ட்லைனில் முதலாளியே கூப்பிட்டார். அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன்மா. என் சொந்த நம்பர்லேர்ந்து ஆபீஸ் நம்பருக்கு லைவ் லொகேஷன் அனுப்பியிருக்கேன், பாருங்க."

அக்கா தட்டினார். புள்ளி விழவில்லை. நேரடி இருப்பிடத்தை இங்கே பார்க்க முடியாது, உங்கள் போனில் பாருங்கள் என்று கம்ப்யூட்டர் வெகு மரியாதையாக ஒரு வரி காட்டியது.

"சார், போன்ல பாக்கச் சொல்லுது."

"பாருங்களேன்."

"அந்த போன் உங்க பாக்கெட்ல இருக்கு சார்."

சட்டைப்பையைத் தடவும் சத்தம் கேட்டது. "அது சார்ஜ் எறங்கி செத்துப்போச்சும்மா" என்றார்.

"சரி, அந்தப் புது வாடிக்கையாளர் உங்களுக்கு அனுப்பின லிங்கை இங்க தள்ளிவிடுங்க."

வந்தது, திறந்தது. ஒரே அச்சில் வார்த்த பன்னிரண்டு கட்டடங்களுக்கு நடுவே, புள்ளி நட்டநடுத் தெருவில் விழுந்தது.

"இதுல எந்தக் கட்டடம் சார்? வாசல்ல நின்னப்ப எதிர்ல என்ன தெரிஞ்சது?"

"நான் எங்கம்மா பாத்தேன். போன் லெஃப்ட்டுன்னுச்சு, திரும்பினேன். வந்தாச்சுன்னுச்சு, உள்ள போயிட்டேன்."

"அந்த வாடிக்கையாளர்கிட்டயே கேட்டுப் பாக்கவா?"

"லிஃப்ட் கம்பெனிக்காரன் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டான்னு அவர்கிட்ட சொல்லப் போறீங்களா?"

"பெல் அடிச்சீங்களா?"

"அடிச்சேன். வேலை செய்யல."

நம்ம லிஃப்டாக இருக்குமோ என்பதுபோல அக்கா என்னைப் பார்த்தார். அந்த பெல்லைச் சரிபார்க்காமல் விட்டது யார் என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

"பட்டனுக்கு மேல மஞ்ச ஸ்டிக்கர் ஏதாவது இருக்கா சார்?"

"இருக்கு."

"அதுல இருக்கிற நம்பரைப் படிங்க."

"எரநூத்திப் பதினேழு." சற்று நேரம் கழித்து, "நம்ம லிஃப்ட்டாம்மா இது?" என்றார்.

"நம்மளுதுதான் சார். புது வாடிக்கையாளர் கட்டடம்னு நெனச்சு நம்ம பழைய வாடிக்கையாளர் கட்டடத்துல ஏறியிருக்கீங்க."

லிஃப்டுக்கு லிஃப்ட் அந்த ஸ்டிக்கரை ஒட்ட வைத்ததே அக்காதான். பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று முதலாளி இரண்டு வருடம் முனகினார். அக்கா நோட்டைப் புரட்டி என்னிடம் சொன்னார்: "பச்ச கேட்டு. எதிர்ல தையல் கடை, வெளிய தலையில்லாத பொம்மை நிக்கும். நாய் கெடையாது, ஓடு."

நான் டூல் பையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டும்போது அவர் குரல் கேட்டது. கோபமே இல்லாத குரல்.

"ஒண்ணாந்தேதிக்கு அப்புறம் இப்படி மாட்டிக்கிட்டா யாருக்கு சார் போன் பண்ணுவீங்க?"

பதில் வரவில்லை.

"சிக்னல் போயிருச்சா சார்?"

"இல்லம்மா. இருக்கேன்."

இருபது நிமிடத்தில் பச்சை கேட்டைப் பிடித்துவிட்டேன். இரண்டு மாடிக்கு நடுவே, சட்டை நனைந்து, மஞ்சள் ஸ்டிக்கரைப் பார்த்தபடி முதலாளி நின்றிருந்தார். அவரை இறக்கி ஆபீசுக்குக் கூட்டி வந்தேன்.

உள்ளே நுழைந்ததும் பையிலிருந்து ஆபீஸ் போனை எடுத்து அக்காவின் மேசைமேல் வைத்தார்.

"இது இனிமே உங்ககிட்டயே இருக்கட்டும்மா. ஒண்ணாந்தேதின்னு காலைல சொன்னதை விட்டுருங்க."

அக்கா அதை எடுத்து அமுக்கிப் பார்த்தார். உயிர் இல்லை. "சார்ஜர் சார்?" என்றார்.

முதலாளி தன் அறைக்குப் போய் சார்ஜரைக் கழற்றி எடுத்து வந்தார். மேசைக்கு அடியில் குனிந்து, ப்ளக் பாயின்ட்டைத் தேடி இருட்டில் தடவினார்.

"இன்னும் கொஞ்சம் லெஃப்ட்ல சார்" என்று அக்கா வழி சொன்னார்.