சேர்த்துப் புரட்டிய பக்கங்கள்

அந்தப் புத்தகம் எங்கள் அங்கன்வாடிக்கு ஒரு மழைநாளில் வந்தது. மூணாறிலிருந்து ஜீப்பில் அரை மணி நேரம் மேலே ஏறினால், எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்கு நடுவே தகரக் கூரை போட்ட ஓர் அறை. அதுதான் அங்கன்வாடி; நான் அங்கே டீச்சர். அன்று தேயிலைக்காட்டைச் சுற்றிப் பார்க்க வந்த ஒரு வெளிநாட்டுப் பெண்ணும் அவளுடைய மகளும் மழைக்கு ஒதுங்கி உள்ளே வந்தார்கள். மழை விட ஒரு மணி நேரம் ஆனது. அதற்குள் அந்த மகள் எங்கள் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்து உப்புமா சாப்பிட்டு, இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டாள். எந்த ஊர் என்று கேட்டதற்குத் தாய் "மெக்சிகோ" என்றாள். கிளம்பும்போது சிறுமி தன் பையிலிருந்து ஒரு படப் புத்தகத்தை எடுத்துப் பாயில் வைத்துவிட்டு ஓடிப்போனாள்.

ஆங்கிலமாக இருந்தால் எழுத்துக் கூட்டியாவது படித்திருப்பேன். அது அவர்களுடைய ஸ்பானிஷ். ஆகவே படங்களைப் பார்த்து நானே கதை சொன்னேன். இரண்டு சிறுமிகள். ஒருத்திக்கு மஞ்சள் மழைக்கோட்டு, ஊருக்குப் புதியவள். இன்னொருத்தி அவளைக் கைப்பிடித்துத் தன் தெருவெல்லாம் காட்டுகிறாள். மிளகாய்ச் சரங்கள் தொங்கும் சந்தை, கிட்டார் வாசிக்கும் மாமா, வீட்டுக்கு வீடு கட்டிய கத்தரித்த காகிதத் தோரணம், இரட்டைக் கோபுரத்தோடு ஒரு மாதா கோயில். எங்கள் பிள்ளைகளுக்கு எதுவுமே அந்நியமாகத் தெரியவில்லை. "டீச்சர், இது நம்ம கோயில் திருவிழா" என்று அடித்துச் சொன்னார்கள்.

எங்கள் எஸ்டேட்டில் இப்போது கொளுந்து எடுப்பவர்களில் பலர் ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். அப்படி வந்த ஒரு குடும்பத்தின் மகளுக்கு ஐந்து வயது. சேர்ந்து ஒரு மாதமாகியும் அவள் வாயைத் திறக்கவில்லை. புத்தகத்தில் அடுப்பருகே ஒரு பெண் ரொட்டி தட்டும் படம் வந்தபோது, அவள் எழுந்து வந்து அந்தப் படத்தில் கிடந்த மக்காச்சோளக் கதிரின் மேல் விரலை வைத்தாள். "மக்கை!" என்று கத்தினாள். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் தட்டித் தட்டி, தன் வீட்டிலும் அப்படித்தான் ரொட்டி செய்வார்கள் என்று காட்டினாள். எல்லாப் பிள்ளைகளும் அன்று கை தட்டி ரொட்டி செய்தார்கள்.

அவளுக்கு ஒரே ஒரு தோழி இருந்தாள். தேயிலை ஃபாக்டரியில் வேலை செய்யும் ஒருவரின் மகள். அவளுக்கும் ஐந்து வயது. அந்தப் பிள்ளையின் தாய் ஜூன் மாதம் இறந்துபோனார். நெஞ்சுவலி என்று ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தது உடல். அடக்கம் முடியும்வரை பிள்ளையை அடுத்த எஸ்டேட்டில் ஒரு சித்தி வீட்டில் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தவளிடம், "அம்மா ஊருக்கு, சங்கரன்கோவிலுக்குப் போயிருக்கா, வந்துருவா" என்று சொல்லிவிட்டார்கள். லயம் முழுக்க அந்தச் சொல்லைக் காப்பாற்றியது. நானும்தான். காலையில் அவள் வந்ததும், "அம்மா இன்னைக்கு வருவாளா டீச்சர்?" என்று கேட்பாள். "மழை விடட்டும்மா" என்பேன். அந்த வருஷம் மழையும் விடவில்லை.

மற்றப் பிள்ளைகள் வீட்டில் கேட்டதை வைத்து அவளிடம் ஏதேதோ குத்திக் கேட்பார்கள். ஜார்க்கண்ட் பிள்ளைக்குக் கேட்க மொழியே இல்லை. அதனால்தான் தாயை இழந்தவள் அவள் பக்கத்தில் போய் உட்கார ஆரம்பித்தாள் என்று நினைக்கிறேன்.

புத்தகத்தின் கடைசிப் பக்கங்களை நான் பிள்ளைகளுக்குக் காட்டியதே இல்லை. அங்கே மேசை நிறைய மெழுகுவர்த்தி, கேந்திப்பூ, சட்டம் போட்ட போட்டோக்கள், சர்க்கரையில் செய்த மண்டையோடுகள். அடுத்ததில் கல்லறைத் தோட்டம். கல்லறைகளைச் சுற்றி உட்கார்ந்து குடும்பம் குடும்பமாகச் சாப்பிடுகிறார்கள். பேய்ப் படம் காட்டுகிறேன் என்று யாராவது சண்டைக்கு வருவார்களோ என்று பயந்தேன். தாயை இழந்த பிள்ளையின் முகமும் கண்முன் வரும். ஆகவே அந்த இடம் வந்ததும் தாள்களைச் சேர்த்துப் பிடித்துப் புரட்டி, "அப்புறம் எல்லாரும் பிறந்தநாள் கொண்டாடினாங்க" என்று முடித்துவிடுவேன்.

அக்டோபரில் ஒரு மத்தியானம் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தேன். மூலையில் இரண்டு பேர் மட்டும் தூங்காமல் குப்புறப் படுத்துப் புத்தகம் பார்ப்பது தெரிந்தது. சும்மா பார்க்கட்டும் என்று விட்டேன். அப்போதுதான் ஜார்க்கண்ட் பிள்ளையின் குரல் கேட்டது. நான்கு மாதத்தில் அவள் நன்றாகவே தமிழ் கற்றிருந்தாள்.

"இந்த அம்மா செத்துப் போச்சு. அதான் போட்டோ. அதான் பூ."

"செத்துப் போனா?"

"மண்ணுல வெப்பாங்க. எங்க தாதாவும் அப்டி. வராது." தாத்தாவை அவள் தாதா என்றுதான் சொல்வாள்.

நான் எழுவதற்குள் மற்றவள் புத்தகத்தோடு என் முன்னால் வந்து நின்றாள். அழவில்லை. சட்டத்துக்குள் சிரிக்கும் பெண்ணின் மேல் விரலை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"எங்க வீட்டுலயும் அம்மா போட்டோவுக்கு மாலை போட்டுருக்கு டீச்சர். எங்கம்மாவும் செத்துப் போயிட்டாளா?"

எத்தனையோ தடவை அந்த நிமிஷத்துக்கு மனசுக்குள் நான் திரும்பப் போய்ப் பார்த்திருக்கிறேன். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். மறுபடியும் மழையைச் சொல்லியிருக்கலாம். நான் செய்தது, அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டதுதான். "அப்பாட்ட கேப்போமா? நானும் வாரேன்" என்றேன். அவள் தலையாட்டினாள். அவளுக்கு அப்போதே பதில் தெரிந்துவிட்டது என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

சாயங்காலம் ஃபாக்டரி விட்டதும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னதும் அவள் அப்பாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"சின்னப் புள்ளைக்குக் காட்டுத புத்தகமா இது? நீங்கதான எல்லாத்தையும் பாத்துக்கிடணும்?"

"நான் காட்டலண்ணே. அவளா பாத்துட்டா. ஆனா நானும் எத்தன நாளுதான் பொய் சொல்லட்டும்?"

அவர் வாசலில் உட்கார்ந்தார். கைகளில் தேயிலைத் தூள் அப்பியிருந்தது. அதைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"நாளைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம்னே போயிட்டு டீச்சர். சொல்லிட்டா நெசமா ஆயிரும்போல இருக்கு."

மகள் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவர் அவளைக் கூப்பிட்டார். நான் இறங்கி வந்துவிட்டேன். அவர் என்ன வார்த்தை சொன்னார் என்று தெரியாது. தண்ணீர்க் குழாயடி வரை வந்தபோது அவள் அழுகிற சத்தம் கேட்டது. கூடவே அவர் அழுகிற சத்தமும். லயத்துப் பெண்கள் குடங்களை அப்படியே வைத்துவிட்டு நின்றார்கள். அதில் ஒரு அக்கா என்னைப் பார்த்து, "இது வேணுமா டீச்சர்?" என்றாள். எனக்கும் அன்று தெரியவில்லை.

நான்கு நாள் அவள் வரவில்லை. ஐந்தாம் நாள் வந்ததும் அவள் முதலில் தேடியது தன் தோழியை. அடுத்துப் புத்தகத்தை. அன்றிலிருந்து இருவரும் அந்தப் பக்கத்திலேயே கிடந்தார்கள். நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்கள் எல்லாம் கல்லறைகளைச் சுத்தம் செய்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றும் நாள். அதற்கு இருவரும் பழைய செய்தித்தாளை மடித்துக் கத்தரித்துத் தோரணம் செய்தார்கள். பூ வெட்ட நினைத்தது ஓட்டை ஓட்டையாக வந்தது. ஜார்க்கண்ட் பிள்ளையின் தாயிடம் அவளையும் அழைத்துப் போகலாமா என்று கேட்டேன். தானும் வருவதாகச் சொன்னார்.

அன்று கல்லறைத் தோட்டத்தில் பனி இறங்கியிருந்தது. பிள்ளை தன் அம்மாவின் கல்லறையை அப்போதுதான் முதல்முறை பார்த்தாள். "இவ்வளவு சின்னதா?" என்று மட்டும் கேட்டாள். அப்பா கேந்திப்பூக்களை உதிர்த்துக் கொடுக்க, இரண்டு பேரும் கல்லறை ஓரமாக வரிசை கட்டினார்கள். செய்தித்தாள் தோரணத்தைச் சிலுவையில் கட்டினார்கள். அதன்பிறகு அவள் அப்பாவின் சட்டைப்பையைப் பிடித்து இழுத்தாள். அவர் தயங்கித் தயங்கி ஒரு பொட்டலத்தை எடுத்தார். பேக்கரி பன், உள்ளே வெண்ணெயும் சீனியும். அந்த அம்மாவுக்கு அது ரொம்பப் பிடிக்குமாம். அவள் அதை வாங்கிக் கல்லறை மேல் வைத்தாள்.

"இது என்ன புதுப் பழக்கம்?" என்றார் சித்தி. "சாமியார் பாத்தா என்ன நெனைப்பாரு?"

"புத்தகத்துல இருக்கு சித்தி" என்றாள் பிள்ளை.

சாமியார் ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்துக்கொண்டு வந்தார். பன்னைப் பார்த்தார். தோரணத்தைப் பார்த்தார். ஜார்க்கண்ட் தாய் முக்காடு போட்டுக் கும்பிட்டு நிற்பதையும் பார்த்தார். எல்லாவற்றின் மேலும் தீர்த்தம் தெளித்துவிட்டு நகர்ந்தார். ஈரமான பன்னைப் பிள்ளைகள் இரண்டு பேரும் அங்கேயே பிய்த்துத் தின்றார்கள். தகப்பனுக்கு ஒரு துண்டு ஊட்டினார்கள். அவர் மென்றுகொண்டே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒரு முறை டவுனுக்குப் போனபோது, பயணிகளை வைத்து ஜீப் ஓட்டும் என் தம்பி அந்தப் புத்தகத்தைப் போன் கேமராவில் காட்டி மொழிபெயர்த்தான். போட்டோவில் இருப்பது யாருடைய அம்மாவும் இல்லை. அந்தத் தெருவில் பன் சுட்டு விற்ற பெண்; ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து அவளை நினைக்கிறார்கள். கதை அதுதான். அங்கன்வாடியில் நான் அதைத் திருத்தவில்லை. இருவரும் வாசித்துவிட்ட கதைக்கு மேல் எனக்கு என்ன உரிமை என்று தோன்றியது. பக்கங்களை மட்டும் இப்போது ஒவ்வொன்றாகப் புரட்டுகிறேன். கேட்கும் பிள்ளைக்குத் தெரிந்த அளவு பதில் சொல்கிறேன். சில தாய்மார்களுக்கு அது பிடிக்கவில்லை, அவர்களிடமும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த மே மாதம் ஜார்க்கண்ட் குடும்பம் வேலை மாறி ஏலத் தோட்டம் ஒன்றுக்குப் போனது. போகும் நாளை ஒரு வாரம் முன்னாலேயே இரண்டு பேருக்கும் சொன்னோம். அந்த ஒரு வாரமும் ஒருத்தி வீட்டில் ஒருத்தி மாறி மாறித் தூங்கினார்கள். தகப்பன்மார் இருவரும் போன் நம்பர் வாங்கிக்கொண்டார்கள். இப்போது பிள்ளைகள் இரண்டு பேரும் வேறு வேறு ஸ்கூலில் ஒன்றாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சிக்னல் கிடைக்கும் மேட்டில் நின்று எங்கள் எஸ்டேட் பிள்ளை தோழியை வீடியோவில் கூப்பிடுகிறாள். பேச்சு அதிகம் இருப்பதில்லை. விழுந்த பல்லை ஒருத்தி காட்டுகிறாள். வாங்கிய செருப்பை மற்றவள் காட்டுகிறாள். தகப்பன் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார்.