விளக்கு நாட்டுக்குத் தெற்கே

எண்பதுகளின் தொடக்கம். மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரி விடுதியில் தங்கி பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, முடி காய வைக்கிற சாக்கில் மொட்டை மாடிக்குப் போய்விடுவோம். தண்ணீர்த் தொட்டி நிழலில் நாங்கள் நாலு பேர். அங்கே உட்கார்ந்துதான் ஒரு நாட்டையே கட்டினோம். சிரிக்காதீர்கள், நிஜமாகவே கட்டினோம்.

எங்களில் ஒருத்திக்கு மதுரையிலேயே செல்லூரில் வீடு. அப்பா தறி வைத்திருந்தார், அந்தச் சத்தத்தில் படிக்க முடியாது என்று அவளை விடுதியில் சேர்த்திருந்தார்கள். அவளுடைய அத்தான் வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு லீவில் வந்திருந்தார். அங்கே பிள்ளைகள் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வீரனாகவும் மந்திரவாதியாகவும் தங்களை வைத்துக்கொண்டு ஆடுவார்களாம். ஒருவர் கதை சொல்வாராம். "இதோ ஒரு குகை, என்ன செய்வாய்?" என்று அவர் கேட்க, மற்றவர்கள் பதில் சொல்லிவிட்டுப் பகடை உருட்டுவார்களாம். அத்தானுக்கும் முழுசாகத் தெரியாது. அவர் சொன்ன அரைகுறையை இவள் கால்குறையாக எங்களிடம் சொன்னாள். எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

பகடைக்கு எங்கே போவது? பித்தளைத் தாயக்கட்டை இருந்தது. தாயம் விழுந்தால்தான் அந்த நாட்டில் பிறக்க முடியும் என்று முதல் விதியை எழுதினோம். ஒருத்தி இரண்டு ஞாயிறு உருட்டியும் பிறக்கவே இல்லை. வயிற்றில் இருந்தபடியே எங்களுக்குக் கடலை உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் பிறந்து மந்திரக்காரி ஆனாள். செல்லூர்க்காரி குதிரைக்காரி. நாலாவது ஆள் வில்லுக்காரி. கணக்கில் புலி, வாய் குறைவு, தாயம் கேட்டால் தாயம் விழும் கை. ஊர் எது என்று யாராவது கேட்டால் "மேலூர்ப் பக்கம்" என்பாள், அதற்கு மேல் பேச்சு வராது.

கதை சொல்கிறவள் நான்தான். நாட்டைப் படைத்தவளும் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. குதிரைக்காரி தறிக்கு டிசைன் போடும் கட்டம் போட்ட தாள்களை வீட்டிலிருந்து கொண்டு வந்தாள். சோற்றுப் பருக்கையால் ஒட்டி, பாய் அகலத்துக்கு ஒரு வரைபடம் தயாரித்தோம். அதற்கு விளக்கு நாடு என்று பெயர். மாடியிலிருந்து பார்த்தால் தெரிகிற கோபுரங்கள் அங்கே விடிகிற நேரத்தில் மெதுவாக இடம் மாறி நின்றன. மதுரைக்கு வெளியே இருக்கும் ஆனைமலை அங்கே உண்மையிலேயே தூங்குகிற யானை, அது எழுந்தால் யுகம் முடியும். வைகை மாதிரி ஓர் ஆறும் உண்டு. அது மணலுக்கு அடியில் ஓடும், நல்லவர்கள் காதை வைத்தால் மட்டும் சத்தம் கேட்கும். முடியை விரித்துப் போட்டுக்கொண்டு, வெயில் சுட்ட தரையில் கன்னத்தை வைத்து நாங்களும் கேட்டிருக்கிறோம். எனக்குக் கேட்டது என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன்.

வீரக் கதை என்றால் இருட்டும் வேண்டுமே. அதற்காக நாட்டின் தெற்கு ஓரத்தில், ஏரி, மதகு, ஒரு புளியமரம் எல்லாம் தாண்டி, நிழலூரை வைத்தேன். அங்கே இருப்பவர்களுக்கு முகம் கிடையாது. குனிந்த தலையும் நீட்டிய கையும்தான். அவர்கள் பறை அடித்தால் யாரோ சாகப்போகிறார்கள் என்று அர்த்தம். விளக்கு நாட்டின் ஏழு விளக்குகளையும் திருடிக்கொண்டு போனவர்கள் அவர்கள்தான். அவர்கள் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தால் வீரரின் பலம் பாதி போய்விடும். இதைச் சிவப்பு மையால் நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டு வைத்தேன். மந்திரக்காரி கேட்டுவிட்டுப் பயத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஐந்தாறு மாதம் ஆடி, ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் மூன்று வீரர்களும் நிழலூருக்குள் நுழைந்தார்கள். வில்லுக்காரிக்கு விஷ அம்பு பட்டுவிட்டது. மூன்று ஆட்டத்துக்குள் தண்ணீர் குடிக்காவிட்டால் சாவு. எங்கள் விதிப்படி செத்தவர் மறுபடி பிறக்க முடியாது, ஆட்டத்தை விட்டே போய்விட வேண்டும். அப்போது ஒரு குடிசையிலிருந்து முகமில்லாத கிழவி பானையோடு வந்து தண்ணீர் நீட்டுகிறாள் என்று சொன்னேன். வில்லுக்காரி மறுத்துவிட்டுத் தாயம் போட்டு வேறு கிணறு தேடுவாள் என்பது என் கணக்கு.

வில்லுக்காரி கட்டையை உருட்டாமல் கீழே வைத்தாள்.

"குடிக்கிறேன்."

"ஏய், யோசிச்சுச் சொல்லுடி. பாதிப் பலம் போயிரும்."

"போகாது."

"ரூலு அப்படித்தான் இருக்கு. நோட்டைப் பாரு."

"எந்தூரு ரூலு அது?" என்று கேட்டாள்.

அவள் வரைபடத்தில் விரலை வைத்தாள். "இது கண்மாய். இது மடை. மடைக்கு வடக்க கோயிலு, தேர் நிக்கிற எடம், பெரிய வீடுக. மடையத் தாண்டுனா புளியமரம், அப்புறம் குடிசைக. நாடு நாடுன்னு நீ வரைஞ்சது ஒங்க ஊரைத்தான். எங்க ஊரும் இப்படித்தான், நான் புளியமரத்துக்கு அங்கிட்டுப் பெறந்தவ. எங்க ஆத்தா கையால தண்ணி குடிச்சுத்தான் இம்புட்டு தூரம் வந்திருக்கேன். எனக்குப் பலம் எதுவும் போகல."

சத்தமாகக்கூடப் பேசவில்லை. ஈர முடியை அள்ளி முடிந்துகொண்டு கீழே இறங்கிப் போய்விட்டாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. விளையாட்டை விளையாட்டாக எடுத்துக்கொள்ளத் தெரியவில்லையே, இவ்வளவு நாளும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தாளே என்றெல்லாம் மற்ற இருவரிடமும் பொருமினேன். சாப்பாட்டு ஹாலில் வில்லுக்காரி வேறு வரிசையில் உட்கார்ந்தாள். எங்களைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

புதன்கிழமை கணக்கு வகுப்பில் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு எங்கள் வீட்டுக் கொல்லைப்புறம் ஞாபகம் வந்தது. திருவாதவூரைத் தாண்டி ஒரு சின்ன ஊர் எங்களுடையது. சொந்த நிலம், நெல் விவசாயம். வேலைக்கு வருகிறவர்கள் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால் கொல்லை வாசலுக்கு வெளியே நின்று குனிந்து இரண்டு கையையும் ஏந்துவார்கள். அம்மா படியில் நின்றபடி சொம்பை உயரத் தூக்கி ஊற்றுவாள். சின்ன வயதில் அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன். சில நாள் நானும் ஊற்றியிருக்கிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் குனிந்த தலையும் நீட்டிய கையும்தான். முகமில்லாத மனிதர்களை நானே கற்பனை செய்தேன் என்று நினைத்திருந்தேனே, அதில் என் கற்பனை என்று ஒரு மண்ணும் இல்லை. வகுப்பில் உட்கார்ந்தே உடம்பெல்லாம் கூசிப்போனது.

சாயங்காலம் துவைக்கிற கல்லில் அவள் துணி அலசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"என்னை மன்னிச்சிருடி."

"நீ மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிருவே. அப்புறம் பரவால்லன்னு சொல்ற வேலை எனக்குத்தான். அந்த வேலையையும் நானே பாக்கணுமா?"

"படத்தைக் கிழிச்சுப் போட்டுர்றேன்" என்றேன்.

அவள் துணியை உதறிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "கிழிச்சா நான் செத்துல போவேன். மூணு ஆட்டத்துக்குள்ள தண்ணி குடிக்கணும்ல? ஞாயித்துக்கிழமை வாரேன். கதையை நான் சொல்றேன். நீ ஆடு."

நாட்டையே கேட்கிறாள் என்று புரிந்தது. ஒரு கணம் கொடுக்க மனசில்லை, அதையும் மறைப்பானேன். ஆனால் கொடுக்காவிட்டால் அவள் இனி வரமாட்டாள் என்பதும் தெரிந்தது. தலையை ஆட்டினேன்.

ஞாயிறு வந்தது. வில்லுக்காரி வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டாள். இப்போது நிழலூர் மேலே இருந்தது. நான் அந்த ஊரில் ஒரு பெண்ணாகப் பிறக்க வேண்டும். உருட்டி உருட்டிக் கை வலித்துவிட்டது, தாயம் விழவில்லை. "அங்க பெறக்குறதுகூட லேசில்ல, பாத்துக்க" என்று சொல்லி முதல் தடவையாகச் சிரித்தாள்.

கடைசியில் பிறந்தேன். அப்புறம் அவள் கதை சொன்னாள் பாருங்கள்! அந்த ஊரில் பகலிலும் கிணற்றுக்குள் நட்சத்திரம் தெரியும். ஆடுகள் பனியை மேயும். பிள்ளை பிறந்தாலும் பறை அடிப்பார்கள், அதைக் கேட்டு வயலில் நெற்கதிர்கள் ஒரே பக்கமாகச் சாயும். அங்கே எல்லோருக்கும் முகம் இருந்தது. அவசரப்படாமல் ஒவ்வொரு முகமாகச் சொன்னாள். மாறுகண், வெற்றிலைக் கறை, நெற்றியில் மாடு முட்டிய தழும்பு, சிரித்தால் மூடிக்கொள்ளும் கண். ஏழு விளக்கும் நிழலூர் மண்ணில் செய்தது என்றும், விளக்கு நாட்டார் வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தரவே இல்லை என்றும் சொன்னாள். நாங்கள் முடியை உலர்த்த மறந்து கேட்டோம். என்னைவிட நூறு மடங்கு நன்றாகக் கதை சொன்னாள், அதில் எனக்குப் பொறாமைகூட வந்தது.

"இப்ப நீ விளக்கு நாட்டுக் கோட்டை வாசலுக்கு வந்துட்டே. ஒனக்குத் தாகம். மூணு ஆட்டத்துல செத்துப்போவே. நான்தான் வாசக்காரி. என்ன செய்வே?"

"தண்ணி கேப்பேன்."

அவள் எழுந்தாள். நாங்கள் குடிக்க வைத்திருந்த சொம்பை எடுத்துக்கொண்டு தொட்டியின் படியில் ஏறி நின்றாள். "குனி. கைய ஏந்து."

குனிந்தேன். கையை எப்படி வைக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பார்த்துப் பார்த்துப் பழகியதால் அதுவாகவே சரியாக வந்துவிட்டது. அந்த நிலையில் நிமிர்ந்து பார்க்க முடியாது. என் கண்ணுக்குத் தெரிந்தது அவளுடைய பாதம் மட்டும்தான். தண்ணீர் விழும் விழும் என்று நின்றேன். விழவில்லை.

அவள் படியிலிருந்து இறங்கி வந்தாள். முழுச் சொம்பையும் என் கையில் வைத்து அழுத்தினாள்.

"குடி. எங்க ஊர்ல ரூலு வேற."

குடித்தேன். அழுதுகொண்டே குடித்ததால் பாதி தண்ணீர் சட்டையில்தான் போனது. மந்திரக்காரி மெதுவாக, "இதுக்கு எத்தனை புள்ளிடி போடணும்?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்துவிட்டோம். வில்லுக்காரியும்தான்.

அதற்குப் பிறகு படிப்பு முடிகிற வரை அவள்தான் கதை சொன்னாள். வரைபடத்தையும் அவளே கொண்டு போனாள், அதுதான் நியாயம். அடுத்த லீவில் நான் வீட்டுக்குப் போனபோது அம்மா படியில் நின்று தண்ணீர் ஊற்றினாள். நான் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்காமல் நின்றேன். அதற்கு அடுத்த லீவில்தான் சொம்பை வாங்கி, இறங்கிப் போய், கையில் கொடுக்கும் தைரியம் வந்தது. அம்மா ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. வாங்கிக் குடித்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மூக்கின் ஓரத்தில் ஒரு மரு இருந்தது. இருபது வருஷமாக எங்கள் வயலில் வேலை பார்த்தவர், அன்றைக்குத்தான் அது என் கண்ணில் பட்டது.

இப்போது என் பேரன் அரக்கன் படம் வரைந்து கொண்டுவந்து காட்டினால், அவனுக்கு வீடு எங்கேடா, அம்மா யாருடா என்று கேட்டு அவன் உயிரை வாங்குகிறேன். வில்லுக்காரியின் பாதத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நான் குனிந்து நின்றது ஒரு நிமிஷம்கூட இருக்காது, ஆனால் எங்கள் கொல்லை வாசலில் எத்தனை பேர் எத்தனை வருஷம் அம்மா பாதத்தையும் என் பாதத்தையும் மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள் என்ற கேள்வி மட்டும் இன்றுவரை என்னை விடவில்லை.