குராமோச்சிக்கு வருடாவருடம் வரும் சளி

குராமோச்சி ட்சுனெஹாரு தன் அறுபத்தெட்டு வயதில் ஒரே ஒரு நோயைத்தான் ஒப்புக்கொண்டிருக்கிறார். சளி. அதுவும் வருடத்துக்கு ஒரு முறை, பிப்ரவரி கடைசியில் வந்து ஏப்ரலில் போய்விடும் சளி. தும்மல் பதினைந்து இருபது என்று அடுக்காக வரும், கண் மிளகாய் பட்டது போலச் சிவக்கும், காய்ச்சல் மட்டும் வராது. எங்கள் கிராமம் குரோதானியில் இருக்கும் எல்லோருக்கும் அது என்னவென்று தெரியும். அவரிடம் சொல்ல மட்டும் ஆளில்லை.

அவர் எங்கள் ஊர் வனக் கூட்டுறவின் தலைவர். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சுகி என்ற ஊசியிலை மரங்கள் நிற்கும் சரிவு அவருடையது. கல்யாணமான வருடம் அவரும் மனைவி புசாயேயும் சேர்ந்து நட்ட மரங்கள். சுகியின் மகரந்தம் பட்டால் பாதி நாடே மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும் என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் குராமோச்சி விடமாட்டார். நாற்பது வருடமாக அந்த மரங்களுக்கு அடியிலேயே குடியிருக்கிறேன், எனக்கு என்ன ஆகிவிட்டது என்று கேட்பார். கேட்டுவிட்டுத் தும்முவார்.

அதற்கு அத்தாட்சியாக, வசந்தம் முழுக்க அவர் வீட்டுத் துணிகள் வாசலில்தான் காய வேண்டும் என்பது அவர் உத்தரவு. ஊரே துணியை வீட்டுக்குள் உலர்த்தும் நாட்களில் அவர் சட்டைகள் மட்டும் சரிவைப் பார்த்தபடி ஆடிக்கொண்டிருக்கும், மேலே மஞ்சள் தூளோடு.

நான் ஊராட்சி அலுவலகத்தில் மகரந்தம் எண்ணுகிறவள். மொட்டை மாடியில் வாஸ்லைன் தடவிய கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து, மறுநாள் காலை எடுத்து, நுண்ணோக்கியில் பார்த்து எண்ண வேண்டும். இதற்காகத்தான் படித்தேனா என்று யாரும் கேட்க வேண்டாம், நானே தினமும் கேட்டுக்கொள்கிறேன்.

போன குளிர்காலத்தில் மாவட்டத்திலிருந்து ஒரு திட்டம் வந்தது. பள்ளிக்குப் பின்னால் இருக்கும் சரிவை வெட்டிவிட்டு, மகரந்தம் குறைவாக விடும் புது வகை சுகிக் கன்றுகளை நடலாம், உரிமையாளர் கையெழுத்துக்குப் பதிலாகத் தன் முத்திரையைக் குத்தினால் போதும். குராமோச்சி முத்திரையை எடுத்து எங்கோ ஒளித்துவைத்தார். ஊர்க் கூட்டம் போடுங்கள், நான் எழுந்து நின்று பேசுகிறேன், அதற்கப்புறம் ஒருத்தர் வாயைத் திறக்கட்டும் என்றார். தேதியையும் அவரே குறித்தார். பிப்ரவரி பதினான்கு.

அந்தத் தேதியின் சூட்சுமம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. டிசம்பர் குளிரில் தூங்கி எழுகிற சுகிப் பூ, ஜனவரி ஒன்றாம் தேதியிலிருந்து வெப்பத்தைச் சேர்த்துவைக்கும். ஒவ்வொரு நாளின் உச்ச வெப்பநிலையையும் கூட்டிக்கொண்டே வந்தால், எங்கள் பள்ளத்தாக்கில் முந்நூற்றைம்பதைத் தொடும்போது பூ வாய் திறக்கும். குளிர் நீண்டால் தள்ளிப்போகும். ஜனவரி பிறந்ததும் குராமோச்சி தினமும் காலையில் என் மேஜை முன்னால் வந்து நின்று, நேற்று எத்தனை டிகிரி என்று கேட்டுச் சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார். மகரந்தமே தொந்தரவில்லை என்கிற மனிதருக்கு இது எதற்கு என்று நான் கேட்கவில்லை. மூன்று டிகிரி என்றால் முகம் மலரும். ஐந்து நாள் பனி பெய்தபோது எனக்கு மோச்சி அரிசிக் கொழுக்கட்டை வாங்கிவந்து கொடுத்தார்.

பிப்ரவரி ஒன்பது வரை கூட்டுத்தொகை இருநூற்று எழுபத்தைந்து. நாளுக்கு எட்டு என்று வைத்தாலும் கூட்டத்தன்று முந்நூற்றுப் பதினைந்துதான், பூ திறக்காது, தும்மலும் வராது. மனிதர் விசிலடித்துக்கொண்டு போனார்.

மறுநாள் தெற்குக் காற்று அடித்தது. பதினேழு டிகிரி. அடுத்த நாள் பத்தொன்பது. அதற்கடுத்த நாள் இருபத்தொன்று. அவர் என் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, அந்த வெப்பமானிய கொஞ்சம் நிழல்ல வைக்கக் கூடாதா?"

"அது பெட்டிக்குள்ளதான் இருக்கு தலைவரே."

"பெட்டியத் தூக்கிப் பாலத்துக்குக் கீழ வையேன்."

மறுத்துவிட்டேன். பதின்மூன்றாம் தேதி இருபது டிகிரி அடித்துவிட்டு மழையும் பெய்தது. கூட்டுத்தொகை முந்நூற்று ஐம்பத்திரண்டு. பதினான்காம் தேதி காலை வானம் துடைத்துவைத்தது போல இருந்தது, காற்று வேறு. சரிவிலிருந்து மஞ்சள் புகை எழுந்து பள்ளிக்கூடத்து மேல் இறங்கியதை நான் மாடியிலிருந்து பார்த்தேன்.

சமுதாயக் கூடத்தில் நாற்பத்து மூன்று பேர். குராமோச்சி எழுந்து, "நாப்பது வருஷமா..." என்று ஆரம்பித்தார். பதினேழு தும்மல். நான் எண்ணினேன், பழக்கம் விடவில்லை. கடைசியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு சளி பிடித்திருக்கிறது என்றார். பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

சுகாதார மையத்திலிருந்து டாக்டர் இசோபே வந்திருந்தார். முப்பது வயதுப் பெண், ஊருக்குப் புதியவர். கூடத்தில் எல்லோரும் தும்மிக்கொண்டிருந்தார்கள். அவர் வரிசையாக ஒவ்வொருவரிடமும் உங்களுக்கு என்ன என்று கேட்டார். தலைவர் சளி என்று சொல்லிவிட்ட பிறகு வேறு பெயர் சொன்னால் அவரை முகத்துக்கு நேரே பொய்யர் என்று சொன்னது போல ஆகிவிடும். எனவே தபால்காரர் சளி என்றார். தலைமையாசிரியர் சளி என்றார். டோஃபு கடைக்காரர் குடும்பத்தோடு சளி என்றார். அன்று காலை கண்ணாடித் துண்டில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நானூறு மகரந்தம் எண்ணிய நானும் சளி என்றுதான் சொன்னேன். இன்று வரை அதற்காக என்னை நான் மன்னிக்கவில்லை.

டாக்டர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். ஒரே அறையில் நாற்பத்து மூன்று பேருக்குச் சளி என்றால் கூட்டம் ரத்து, எல்லோரும் ஐந்து நாள் வீட்டில் இருக்க வேண்டும் என்றார். ஜன்னல்களை மூட வேண்டும், முகக்கவசம் போட வேண்டும், துணியை வீட்டுக்குள்தான் காயவைக்க வேண்டும்.

"சளிக்கு எதுக்குத் துணிய உள்ள போடணும்?" என்று குராமோச்சி கேட்டார்.

"இது புது மாதிரிச் சளிங்க" என்றார் டாக்டர்.

தன் வாயால் சொன்ன நோயைத் தலைவர் எப்படி மறுப்பார்? வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

எனக்கு வீடு வீடாகப் போய் முகக்கவசம் கொடுக்கும் வேலை வந்தது. நான்காம் நாள் மத்தியானம் குராமோச்சி வீட்டு முன்கட்டில் நின்று குரல் கொடுக்கப் போனேன், உள்ளே பேச்சு கேட்டது. சூப்பில் உப்பு சரியாக இருப்பதாக அவர் சொல்லிக்கொண்டிருந்தார். வசந்தம் வந்தால் அந்த வீட்டு மிசோ சூப் கடல் தண்ணீராகிவிடும் என்று அதைக் குடித்த எங்கள் அலுவலகத்தார் அத்தனை பேருக்கும் தெரியும்.

"இப்பத்தான எனக்கு மூக்கு தெறந்திருக்கு. இத்தன வருஷமும் ஒரு குத்துமதிப்பாத்தான போட்டேன்" என்றார் புசாயே.

கிண்ணத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவர், உனக்குமா என்று கேட்டார்.

"முப்பது வருஷமா. நீங்க தும்முற சத்தத்துல என் தும்மல் எங்க கேக்கும்?"

உள்கதவு இடுக்கில் தெரிந்த மேஜையில் ஒரு வெள்ளைப் பிளம் பூக்கிளை ஜாடியில் இருந்தது. அவர்கள் வீட்டு வாசல் மரம்தான், சரிவில் கன்று வைத்த அதே வருடம் இருவரும் நட்டது. வருடாவருடம் பிப்ரவரி கடைசியில், சரியாக அந்தச் சளியோடு சேர்ந்து பூக்கும். புசாயே அந்தக் கிளையை அவர் முகத்துக்கு அருகில் கொண்டுபோனார்.

"ஏங்க, இதுக்கு வாசன இருக்குங்க."

குராமோச்சி வாங்கி முகர்ந்தார். தும்மவில்லை. வெகு நேரம் கிளையைக் கீழே வைக்கவும் இல்லை. நான் முகக்கவசங்களைச் செருப்பு அலமாரி மேல் வைத்துவிட்டு ஓசைப்படாமல் வெளியே வந்துவிட்டேன். வழியில் இரண்டு முறை மூக்கைச் சிந்தினேன், அதுவும் சளிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் நாள் காலை என் மேஜைக்கு வந்தார். வெப்பநிலை கேட்கவில்லை. முத்திரை குத்திய படிவத்தை நீட்டினார். மரங்களை வெட்டச் சம்மதிப்பதற்கான காரணம் என்ற கட்டத்தில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்: மனைவிக்குச் சளி.

மாவட்ட அலுவலகத்திலிருந்து போன் வந்தது. மரம் வெட்டச் சளி எப்படிக் காரணமாகும், திருத்தி அனுப்புங்கள் என்றார்கள். அதில் திருத்த எதுவும் இல்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.